தீர்வை ரசீதில் இருந்து தொடங்கலாம்: எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை வரலாறு நடத்துவது எப்படி

எட்டாம் வகுப்பில் ஒரு பையன், பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த நிலத் தீர்வை ரசீதை எடுத்து நீட்டி, “மிஸ், இதுல பசலி 1433ன்னு போட்டிருக்கு, அப்ப இது அறுநூறு வருசத்துக்கு முன்னாடி கட்டுன வரியா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த வருடம் முழுக்க அந்த வகுப்பில் யாரும் கேட்காத நல்ல கேள்வி அது. ஒரு காகிதத்தைப் பார்த்திருக்கிறான், அதில் இருந்த எண்ணைப் படித்திருக்கிறான், தனக்குத் தெரிந்த கணக்கோடு அது ஒத்துவரவில்லை என்று கவனித்திருக்கிறான், வாய் திறந்து கேட்டுவிட்டான். இந்த நாலையும் பிள்ளைகளைச் செய்ய வைத்துவிட்டால் வரலாற்று வகுப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

ஓமலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். புதிதாக வேலைக்கு வரும் சோஷியல் டீச்சர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே விஷயம்தான்: மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வரலாறு பீரியட் போட்டுவிட்டார்கள், பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் கைடைப் பார்த்து ஒரு மார்க் மனப்பாடம் செய்கிறார்கள், என்ன செய்வது? நான் சொல்வது இதுதான். “என்ன நடந்தது?” என்று ஆரம்பிக்காதீர்கள், “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்று ஆரம்பியுங்கள். அந்தக் கேள்வியையும் காற்றில் கேட்காமல், பிள்ளைகள் கையில் தொட்டுப் பார்க்கிற ஏதோ ஒன்றை வைத்துக் கேளுங்கள். புத்தகம் இருக்கட்டும், பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்தால் போதும். நம் சேலம் மாவட்டத்தில் இருந்துகொண்டு தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு ரசீது, ஒரு பாடம்

பசலிக்கு வருகிறேன். அறுவடையை வைத்துக் கணக்கிட்ட வரி ஆண்டு அது, அக்பர் காலத்தில் தொடங்கியது. நம் பக்கம் அது ஜூலை 1ஆம் தேதி பிறக்கிறது. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும், அப்படிப் பார்த்தால் 1433 என்பது 2023 ஜூலையில் தொடங்கி 2024 ஜூனில் முடிந்த ஆண்டு. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியதும், தங்கள் பிறந்த வருடத்தை, அம்மாவின் கல்யாண வருடத்தை எல்லாம் பசலியாக மாற்றிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். விடுங்கள், ஐந்து நிமிடம் போகட்டும். கணக்கில் மட்டமாக இருக்கும் பையன்கூட இதைப் போட்டுவிடுகிறான்.

அப்புறம் அடுத்த கேள்வி. தாலுகா ஆபீசில் வருடா வருடம் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிற ஜமாபந்தி நடக்கிறதே, பட்டா மாற்றத்துக்கும் மற்றதுக்கும் உங்கள் வீட்டில் யாராவது மனு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களா? நாலைந்து கை உயரும். ஜமாபந்தி, தாசில்தார், கிஸ்தி, பசலி என்று பலகையில் எழுதுங்கள். இதில் எது தமிழ்ச் சொல்? ஒன்றும் இல்லை, எல்லாம் பாரசீகம், அரபு வழியாக வந்தவை. சரி, வெள்ளைக்காரன் கொண்டுவந்த வரி முறை என்று புத்தகம் சொல்கிறதே, அதில் ஏன் ஆங்கில வார்த்தை இல்லை? இங்கே வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அந்த அமைதியை நீங்கள் உடைக்காதீர்கள். யாராவது ஒருத்தி, “அவுங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஆபீச அப்படியே எடுத்துக்கிட்டாங்களா மிஸ்?” என்று சொல்வாள். எனக்கு இரண்டு வருடம் இந்தப் பதில் பிள்ளைகளிடம் இருந்தே வந்தது, ஒரு வருடம் வரவில்லை, அந்த வருடம் நானே சொன்னேன். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். எட்டாம் வகுப்புப் பாடத்தில் இரயத்துவாரி முறை இருக்கிறது, தாமஸ் மன்றோவும் கேப்டன் ரீடும் கொண்டுவந்தது, 1820 என்று. அந்த முறையை ரீடு முதலில் சோதித்துப் பார்த்த இடம் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு இங்கே கலெக்டராக வந்தார், மன்றோ அவருக்கு உதவியாளர்களில் ஒருவர். வயல் வயலாக அளந்து, இடையில் ஜமீன்தார் யாரும் இல்லாமல் உழவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்குகிற முறையை அவர்கள் சோதித்துப் பார்த்தது இந்த மண்ணில்தான், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில். 1820இல் மன்றோ சென்னை மாகாண ஆளுநராக வந்த பிறகுதான் அது மாகாணம் முழுக்கப் பரவியது. “அப்ப 1792 சரியா, 1820 சரியா?” என்று கேட்பார்கள். இரண்டும் சரி, ஒன்று சோதனை, இன்னொன்று சட்டம்போல நிலைத்தது. பரீட்சையில் எதை எழுத வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நல்லாப் படிக்கிற பிள்ளை 1792 என்று எழுதி மார்க்கை விட்டுவிட்டு வரும்.

இந்தப் பாடத்தில் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன், அதை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். முதல் வருடம், “எல்லாரும் நாளைக்கு வீட்டுல இருந்து பட்டா ஜெராக்ஸ் கொண்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பத்துப் பதினைந்து பேர் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளை இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று, “மிஸ், எங்களுக்கு நிலம் இல்ல, அதான் கொண்டுவரல” என்றாள். அடி வாங்கத் தயாராக வந்த முகம் அது. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், வெள்ளிப் பட்டறையில் இருக்கிறவர்கள், வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் வேலை பார்த்தவர்கள். யாரிடம் நிலம் இருக்கிறது என்று வகுப்பின் நடுவே கணக்கெடுத்தது போல ஆகிவிட்டது.

அதில் இருந்து “வீட்டில் இருக்கிற ஏதாவது ஒரு பழைய காகிதம்” என்று மட்டும்தான் கேட்கிறேன். பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, சொசைட்டி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, எதுவானாலும் சரி. எல்லாவற்றிலும் தேதி இருக்கும், யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக எழுதியது என்பது இருக்கும், அதுவே போதும். பட்டா இல்லாமை பற்றிய பேச்சு தானாக வரும், வந்தால் ஒதுக்காதீர்கள். இரயத்துவாரியில் தீர்வை கட்டுகிறவர் பேரில்தான் பட்டா. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த பண்ணையாளுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் இடமே இல்லை. இதைப் பொதுவாக, யாரையும் சுட்டாமல் சொல்லுங்கள். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, நம் அப்பன் தாத்தன் சோம்பேறியாக இருந்ததால் இல்லை, ஒரு கணக்குப் போட்ட விதத்தால் இப்படி ஆனது என்று புரிகிற நாள் அது.

இரண்டு எண்கள், ஒரு தராசு

1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் 19,66,995 பேர். 1881இல் 15,99,595 பேர். (அன்றைய சேலம் மாவட்டம் பெரியது. தருமபுரி 1965இல் பிரிந்தது, நாமக்கல் 1997இல்.) வேறு ஒன்றும் சொல்லாமல் இந்த இரண்டு எண்ணை மட்டும் பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கழித்துப் பார்ப்பார்கள்: 3,67,400. அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

பிள்ளைகள் சொல்கிற பதில்களை எல்லாம் எழுதுங்கள். போர், காலரா, ஊரை விட்டுப் போயிருப்பார்கள், எண்ணியவர்கள் தப்பாக எண்ணியிருப்பார்கள். கடைசிப் பதிலைச் சொல்கிற பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள், 1871 நாடு முழுக்க எடுக்க முயன்ற முதல் கணக்கெடுப்புகளில் ஒன்று, அதில் குறைகள் இருக்கத்தான் செய்யும். கழித்து வந்த எண் முழுக்கச் செத்தவர்கள் அல்ல, கங்காணிகளோடு இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் பத்து வருடத்தில் கூட வேண்டிய மக்கள்தொகை இவ்வளவு குறைந்தது என்றால், நடுவில் எதுவோ நடந்திருக்கிறது. அது 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம். நம் பாட்டிமார் வாயில் அது தாது வருசப் பஞ்சம்.

இங்கே மழை பொய்த்தது என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். சேலத்துக்கு 1861லேயே ரயில் வந்துவிட்டது. ரயில் இருந்தும் ஏன் பட்டினி? தானியம் விலை அதிகம் கிடைக்கிற இடத்துக்கு ஓடியது, பஞ்ச காலத்திலும் இந்தியாவில் இருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை, சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது கொள்கையாக இருந்தது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்திய அதே நேரத்தில் தென்னிந்தியா பட்டினியில் கிடந்தது. நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். மண் வெட்டி, கல் சுமக்கிற ஆளுக்கு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது என்று எதிர்த்து எழுதினார், சில மாதம் கழித்து அளவு கூட்டப்பட்டது.

ஒரு பவுண்டு என்றால் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் நான் சத்துணவுக் கூடத்து அக்காவிடம் கேட்டு ஒரு தராசும் அரிசியும் வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். 450 கிராம் நிறுத்து ஒரு தட்டில் கொட்டினோம். ஒவ்வொரு பெஞ்சாகத் தட்டு போனது. சிலர் விரலால் அளைந்து பார்த்தார்கள். “ஒரு நாளைக்கு இவ்ளோதானா மிஸ்?” ஆமாம். அப்பா கட்டட வேலைக்குப் போகிற ஒரு பையன் தட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, “குழம்பு?” என்று கேட்டான். அந்த ஒரு அணாவில்தான் குழம்பு, விறகு, உப்பு எல்லாம் என்றேன். அதற்கு மேல் அன்று நான் எதுவும் நடத்தவில்லை, மணி அடிக்க ஏழெட்டு நிமிடம் இருந்தது, அப்படியே விட்டேன். வருடக் கடைசித் தேர்வில் பஞ்சம் பற்றிய கேள்விக்கு, கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள்.

இந்த எண்களும் விவரங்களும் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேடு இரண்டு தொகுதி, ரிச்சர்ட்ஸ் 1918இல் எழுதிய கெசட்டியர், இரண்டும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம்தான், பழைய ஆங்கிலம். முழுக்கப் படிக்க வேண்டாம், உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள், கிடைக்கிற பத்தியை நீங்களே எளிய தமிழில் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள். எழுதியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “இவர் இதை யாருக்காக எழுதினார்?” என்று பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும்.

ஏற்காட்டைக் கண்டுபிடித்தது யார்

சேலத்துப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், “காக்பர்ன்” என்று பொதுஅறிவுப் போட்டிக்குத் தயாரான பதில் வரும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியும் ஆரஞ்சும் பயிரிட வைத்தவர், ஏற்காட்டின் தந்தை என்று சுற்றுலா வழிகாட்டிகளில் எழுதியிருக்கும். தப்பில்லை. ஆனால் என் வகுப்பில் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்தில் இருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற ஒரு பையன் இருந்தான், அதிகம் பேச மாட்டான், அன்றைக்கு எழுந்து, “நாங்க அதுக்கு முன்னாடியே அங்க இருந்தோம் மிஸ்” என்றான்.

எப்படித் தெரியும் என்று அவனிடமும் கேட்டேன். கேட்கத்தான் வேண்டும், பாவம் என்று விட்டுவிட்டால் அவனை மதித்ததாக ஆகாது. லீவுக்கு ஊருக்குப் போனவன் தாத்தாவிடம் கேட்டுக்கொண்டு வந்தான். மலையாளி மக்களிடம் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைகளின் பழங்குடிகள்) தலைமுறையாக இருக்கிற கதை அது: காஞ்சிபுரத்தில் இருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகள், ஆளுக்கு ஒரு மலை என்று ஏறிக் குடியேறினார்கள், ஒருவர் வழி வந்தவர்கள்தான் சேர்வராயன் மலைக்காரர்கள். ஒவ்வொரு மலையிலும் இந்தக் கதை கொஞ்சம் மாறி இருக்கும். சேர்வராயன் சாமியும் காவேரியம்மனும் குடியிருக்கிற அந்தக் குகைக் கோயில், வருடா வருடம் அங்கே நடக்கிற திருவிழா, இதெல்லாம் கலெக்டர் வந்து தொடங்கி வைத்தது கிடையாது.

இந்த இடத்தில் பிள்ளைகளிடம் இரண்டு பத்தி போடச் சொன்னேன், நோட்டில் நடுவில் கோடு கிழித்து. இடப்பக்கம் கலெக்டர் ஆபீஸ் காகிதம் என்ன சொல்கிறது, வலப்பக்கம் மலைக்காரர் வாய்மொழி என்ன சொல்கிறது. காகிதத்தில் வருடம் இருக்கிறது, மனிதர்கள் இல்லை. வாய்மொழியில் மனிதர்கள் இருக்கிறார்கள், வருடம் இல்லை. இதை நான் சொல்லவில்லை, நோட்டில் ஒரு பெண் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துச் சொல்கிறேன்.

வாய்மொழி வரலாறு எடுக்கப் பிள்ளைகளை அனுப்பும்போது ஒரு சூட்சுமம் இருக்கிறது. “எந்த வருசம்?” என்று பெரியவர்களிடம் கேட்டால் பதில் வராது, கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடும். “எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?”, “எமர்ஜென்சிக்கு முன்னாடியா?”, “அப்ப அப்பா பொறந்தாச்சா?” என்று கேட்கச் சொல்லுங்கள். கணக்குக் கிடைத்துவிடும். சாப்பாட்டில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள், சின்ன வயதில் சாமைச் சோறா, கேழ்வரகுக் களியா, நெல்லுச்சோறு எப்போது வந்தது என்று. எஸ்டேட் கூலி எவ்வளவு, யார் கையில் கொடுத்தார்கள், சேலத்துக்கு இறங்க நடையா வண்டியா, இதெல்லாம் சோற்றுக்குப் பின்னால் தானாக வரும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

மேட்டூர்ப் பக்கத்துப் பள்ளியில் இருப்பவர்களுக்கு இதைவிட எளிது. அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது, உள்ளே ஊர்கள் மூழ்கின. தண்ணீர் இறங்குகிற வருடங்களில் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும், டிவியில்கூடக் காட்டுவார்கள். உள்ளே இருந்த ஊரில் இருந்து மேடேறி வந்த குடும்பங்கள் இன்றும் சுற்றுப்பட்டில் இருக்கின்றன. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வரச் சொல்லுங்கள்.

மைதானத்தில் அடி அளந்து நடப்பது

காலக்கோடு பரீட்சைக்கு வருகிறது என்பதால் எல்லாரும் நோட்டில் போட்டுப் பழக்குகிறோம். ஆனால் 1857க்கும் கீழடிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது நோட்டில் தெரியாது, பிள்ளைகளுக்கு இரண்டும் “அந்தக் காலம்”தான். ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். பத்து வருடத்துக்கு ஒரு அடி. கொடிக்கம்பம்தான் இன்று. சுதந்திரம் எட்டு அடி தள்ளி, அங்கே ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். சேலம் கம்பெனி கைக்கு வந்தது இருபத்து மூன்று அடி. கீழடியின் பழைய காலக் கணிப்பு கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது, அது 260 அடி, எங்கள் பள்ளியில் அது காம்பவுண்டுச் சுவருக்குப் போய்விட்டது. நம் மாவட்டங்களில் கிடைக்கிற புதிய கற்காலக் கற்கோடரி இன்னும் தள்ளி, சுவரைத் தாண்டி ரோட்டில். அவ்வளவுதான், இருபது நிமிட வேலை. திரும்பி வரும்போது ஒருத்தன், “வெள்ளைக்காரன் ஆண்டது இத்தூண்டுதானா?” என்று காலால் அளந்து காட்டினான்.

சங்ககிரிக்குப் போவதாக இருந்தால்

பத்தாம் வகுப்பில் தீரன் சின்னமலை பாடம் வருகிறது. 1805இல் அவரைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை சேலத்தில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஆடிப்பெருக்கு அன்று அரசியல்வாதிகள் மாலை போடுவதை டிவியில் பார்த்ததோடு சரி, பெரும்பாலான பிள்ளைகள் மேலே ஏறியதில்லை. கூட்டிப் போங்கள். எச்.எம். அனுமதி, பெற்றோர் கையெழுத்து, இரண்டு டீச்சர் துணை, முதலுதவிப் பெட்டி, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் சொல்வது மூன்று விஷயம்: காலையிலேயே அடிவாரத்துக்குப் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், மேலே கடை கிடையாது. மார்ச்சுக்கு அப்புறம் போகவே வேண்டாம்.

ஏறும்போது நீங்கள் பேசாதீர்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, பிள்ளைகளையே சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லை எப்படி அடுக்கியிருக்கிறார்கள், சுண்ணாம்பு பூசியிருக்கிறதா, கீழ்ச் சுவரும் மேல்ச் சுவரும் ஒரே மாதிரியா, வாசல் ஏன் நேராக இல்லாமல் திரும்புகிறது. அடுக்கடுக்காகச் சுவர்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே ஆட்சி கட்டவில்லை என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நாலு பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு நோட்டு, ஒருவர் வரைய, ஒருவர் அடியால் அளக்க. எங்கள் பிள்ளைகள் வாசலின் நிலைக்கல்லில் கதவு சுழன்ற குழியைக் கண்டுபிடித்து ஆளாளுக்குக் கையை விட்டுப் பார்த்தார்கள், வழவழவென்று இருந்தது. எத்தனை முறை திறந்து மூடியிருந்தால் கல் இப்படித் தேயும் என்று அங்கேயே ஒரு சண்டை நடந்தது. செல்ஃபி எடுக்கட்டும், ஆனால் சுவரில் பேர் கிறுக்கக் கூடாது என்பதைக் கீழேயே சொல்லிவிடுங்கள்.

இறங்கி வந்ததும் ஒரு வேலை கொடுங்கள். சின்னமலை என்ற பேர் எப்படி வந்தது என்று ஒரு கதை எல்லாருக்கும் தெரியும், மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்தது என்று போய்ச் சொல் என்றாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார் என்பது வேறு வகைச் செய்தி. இரண்டையும் பிள்ளைகள் பிரித்துப் பார்க்கட்டும். கதை என்பதற்காகக் குப்பையில் போட வேண்டாம், மக்கள் ஏன் அந்தக் கதையை இருநூறு வருடம் தூக்கிச் சுமந்தார்கள் என்பதும் வரலாறுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நாம் எல்லாரும் சுற்றி வளைத்துப் போகிற விஷயம். புலித்தேவன், கட்டபொம்மன், மருது சகோதரர்கள், சின்னமலை என்று பாடம் நடத்தும்போது பின் பெஞ்சில் “எங்க ஆளு” என்று ஒரு குரல் வரும். கையில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே யார் சொன்னது என்று தெரிந்துவிடும். அதட்டினால் அது வெளியே போய் வளரும். நான் செய்வது, அதே பாடத்தில் இருக்கிற மற்றவர்களைக் கூடுதல் நேரம் எடுத்து நடத்துவது. புலித்தேவனின் படையில் ஒண்டிவீரன், வேலு நாச்சியாருக்காக உயிர் கொடுத்த குயிலி, நாச்சியாருக்குப் படை அனுப்பிய ஹைதர் அலி. இவர்கள் இல்லாமல் அந்தப் போர் நடந்திருக்குமா என்று வகுப்பிடமே கேளுங்கள். “எங்க ஆளு” என்று சொன்ன பையனையே படைத் தளபதியாக வைத்து, யார் யாரிடம் உதவி கேட்பாய் என்று பட்டியல் போடச் சொன்னேன் ஒரு முறை. பட்டியலில் எல்லாச் சாதியும் வந்துவிட்டது, வேறு வழியில்லை அவனுக்கு. ஒரே நாளில் மாறிவிடுவான் என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் அந்தக் குரல் குறைந்தது.

அதே கவனம், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த 1882 சேலம் கலவரத்துக்கும் வேண்டும். சி. விஜயராகவாச்சாரியார் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையாகி, அதில் இருந்துதான் பெரிய தலைவராக வளர்ந்தார். வகுப்பில் இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறக்காமல், வழக்கு, தீர்ப்பு, மேல்முறையீடு என்ற வழியில் நடத்துங்கள்.

பரீட்சை

இவ்வளவும் செய்தால் போர்ஷன் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டு பாடம் போதும். மற்றவற்றை வழக்கம்போல நடத்துங்கள், உலகப் போர்ப் பாடங்களைப் படமும் வரைபடமும் வைத்து வேகமாக ஓட்டலாம்.

வருடங்களை நினைவில் வைக்க, சேலத்தைக் கொக்கியாகப் போடுங்கள். 1920 நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டில் ஒத்துழையாமைத் தீர்மானம் உறுதியானது என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, அந்த மாநாட்டுத் தலைவர் நம் சேலத்து விஜயராகவாச்சாரியார் என்று சொன்னால் வருடம் ஒட்டிக்கொள்ளும். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1937இல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்த மாவட்டம் சேலம், அக்டோபர் 1. நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது 1944 ஆகஸ்டில், சேலம் மாநாட்டில். இந்த நாலு வருடத்தைக் கொக்கியாக மாட்டிவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பிள்ளைகள் தாங்களே தொங்கவிடுகிறார்கள்.

விடை எழுதப் பழக்கும்போது, மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது மூன்றே கேள்வி: ஏன் நடந்தது, என்ன நடந்தது, அப்புறம் என்ன ஆனது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. ஐந்து மார்க் கேள்விக்கு ஆறு வரி எழுதியாயிற்று. தேர்ச்சிக்குப் போராடுகிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

கடைசியாக, பிள்ளைகள் கொண்டுவருகிற காகிதங்கள் பற்றி. ஒரிஜினல் வந்தால் உங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டு, அன்று மாலையே, வீட்டுக்குப் போகிற மணி அடிப்பதற்குள் அதே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் நான் மறந்துபோய்ப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே ஒரு பாட்டி கேட்டில் நின்றுகொண்டிருந்தார், இரவெல்லாம் தூங்கவில்லையாம். ரசீதை வாங்கி, எண்ணை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.